இரு பாதங்களிலும் நாடி சமம்

ஏழாவது நோட்டு, இதை முடித்தால் இன்னும் மூன்றுதான், மூன்று மணிக்குள் எழுந்துவிடலாம். ரெக்கார்டு ரூமில் ஃபேன் ஓடுகிறது, காற்று மட்டும் அலமாரிகளுக்குள் எங்கோ போய்விடுகிறது, எனக்கு வந்து சேர்வது பழைய தாளின் வாடையும் ஆவுடையம்மா மதியம் சாப்பிட்ட எலுமிச்சை ஊறுகாயின் வாடையும்தான். அவள் வாசலருகே உள்நோயாளிகளின் சிகிச்சை நோட்டுகளை ஐ.பி. நம்பர் வரிசைப்படி நாடாவால் கட்டிக்கொண்டிருக்கிறாள், முப்பது வருஷமாக அதே முடிச்சு. இறந்தவர்கள் நோட்டு ஒரு கட்டு, வீட்டுக்குப் போனவர்கள் நோட்டு ஒரு கட்டு, சொல்லாமல் போய்விட்டவர்கள் நோட்டு ஒரு கட்டு. என் முன்னால் இருக்கும் பத்தும் வீட்டுக்குப் போனவர்கள் கட்டிலிருந்து வந்தவை. எழுதியது ஒரே ஆள், பயிற்சி மருத்துவர் எண் பதினேழு. மருத்துவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள், எந்த யூனிட் என்பதையும் மறைத்தாயிற்று. முதலாண்டுப் பிள்ளைகளின் வேலையை அவர்கள் முகத்தைப் பார்த்து மார்க் போடாமல் எழுதியதைப் பார்த்துப் போட வேண்டும் என்று கல்லூரியில் இந்த வருஷம்தான் ஆரம்பித்தார்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் ஆறு மாதம் கூடுதலாக இருக்க வேண்டும். கமிட்டியில் என்னைப் போட்டபோது, செண்பகவல்லி மேடம்தான் சரி, பேனாவில் தயவு தாட்சணியம் இருக்காது என்றார் டீன். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை இப்போது நினைக்கும்போது கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது, இல்லை, வியர்வைதான்.

பதினேழு நல்ல ஆள். ஆணோ பெண்ணோ, நல்ல கை. குண்டு குண்டான எழுத்து, வரி சாயவில்லை, அடித்துத் திருத்தல் இல்லை, நேரம் போட்டிருக்கிறது. ஆறு நோட்டுக்கும் எண்பதுக்குக் குறையாமல் போட்டிருக்கிறேன். தலையிலிருந்து கால்வரை ஒன்றையும் விடாமல் எழுதுகிற பிள்ளைகள் இப்போது குறைவு, எல்லோரும் மூச்சு சீர், இருதயம் சீர், வயிறு மென்மை என்று மூன்று வரியில் ஒரு மனுஷனை முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதினேழு பாதம்வரை போகிறது. ஏழாவது நோட்டு ஓர் ஐம்பத்தெட்டு வயது ஆண், சர்க்கரை வியாதி பதினைந்து வருஷமாக, நான்கு நாள் காய்ச்சல், இருமல், வலது நுரையீரலின் அடியில் சளிக்கட்டு, நிமோனியா. மருந்து சரி. அளவு சரி. ரத்தத்தில் சர்க்கரை நான்கு வேளையும் பார்த்திருக்கிறது, சரி. கடைசி வரி, இரு பாதங்களிலும் நாடி சமம், புண் ஏதும் இல்லை. மார்க் படிவத்தில் பதினான்காம் கேள்வி, சர்க்கரை நோயாளியின் பாதங்கள் பரிசோதிக்கப்பட்டனவா, ஐந்துக்கு ஐந்து. போட்டுவிட்டேன். பக்கத்தைப் புரட்டினால் நர்ஸ்களின் குறிப்பு, அதற்கு மார்க் கிடையாது, சும்மா கண்ணை ஓட்டுகிறேன், காய்ச்சல் நூற்றிரண்டு, ஒற்றடம் கொடுக்கப்பட்டது, கஞ்சி குடித்தார், கழிப்பறைக்குத் துணையுடன் சென்றார், இடது செயற்கைக் காலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டது, இரவு தூங்கினார். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். போனபின்தான் கண் திரும்பி வருகிறது. செயற்கைக் காலை.

வேறு யாருடைய தாளோ கலந்துவிட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், இங்கே அது நடக்கும். நம்பரைப் பார்க்கிறேன், அதே ஐ.பி. நம்பர். பெயரைப் பார்க்கிறேன், சங்கரபாண்டி, அதே பெயர். கட்டில் எண் முப்பத்தொன்று. முதல் பக்கத்துக்கு வருகிறேன், இரு பாதங்களிலும் நாடி சமம். நர்ஸ் பக்கம், இடது செயற்கைக் கால். மறுபடி முதல் பக்கம். குண்டு குண்டான அதே எழுத்து இப்போது வேறு மாதிரித் தெரிகிறது, அழகாக வாரிவிட்ட தலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது விக் என்று தெரிந்துவிட்ட மாதிரி. இல்லாத காலில் நாடி பார்த்திருக்கிறது இந்தப் பிள்ளை. இல்லாத காலின் நாடி இருக்கிற காலின் நாடிக்குச் சமமாக இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, ஆவுடையம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மேடம்?" "ஒண்ணும் இல்ல, நீங்க கட்டுங்க." சிரிப்பு வாயில் இருக்கும்போதே கோபம் வந்தது. ஐந்தை அடித்து சைபர் போட்டேன், பச்சை மை தாளின் அந்தப் பக்கம்வரை ஊறும்படி போட்டேன். இரண்டாம் நாள் பார்க்கிறேன், பாதங்கள் இயல்பு. மூன்றாம் நாள், பாதங்கள் இயல்பு. நான்காம் நாளும் அப்படியே. ஐந்து நாளும் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது அந்தக் கால். பிறகு ஏற்கெனவே முடித்து வைத்த ஆறையும் இழுத்து முன்னால் போட்டுக்கொண்டேன், கை அவசரப்படுகிறது, முதல் நோட்டு, பக்கவாதம் வந்த ஒரு கிழவி, இரு பாதங்களிலும் நாடி சமம். இரண்டாவது, மஞ்சள்காமாலை, இரு பாதங்களிலும். மூன்றாவது. நான்காவது. ஆறிலும் அதே வரி, அதே இடத்தில், முற்றுப்புள்ளி உட்பட. இத்தனைக்கும் நான் எண்பது போட்டிருக்கிறேன். இதில் எத்தனை போர்வையை இந்தக் கை விலக்கியது? ஒன்றையாவது விலக்கியதா? எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் இதில் மோசம், ஒரு பொய் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பன்னிரண்டு காலும் சந்தேகமாகிவிட்டது.

என்ன எழுதலாம் என்று குறிப்புக் கட்டத்தில் பேனாவை வைத்தேன். கடுமையாக எழுத வேண்டும். நோயாளியைத் தொடாமல் எழுதப்பட்ட பரிசோதனை, இப்படி ஆரம்பிக்கலாம். இது கவனக்குறைவு அல்ல, நேர்மையின்மை. நல்ல வாக்கியம். எழுதினேன். இவருக்கு மேல் பொறுப்பில் இருந்தவர் யார், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் எழுத வேண்டும், யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தாரா, வந்து என்ன பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் பச்சை மை தெரிந்தது, சீஃப்களின் மை அது, எங்கள் எல்லோருடைய பையிலும் இருப்பது. பதினெட்டாம் தேதி. தலை முதல் பாதம் வரை பரிசோதித்தேன். பாதங்கள் இயல்பு. சிகிச்சை தொடரவும். கோபத்தோடு படித்தேன். பார், இவரும், என்று. மேலே ஏறி ஒரு பக்கமாகச் சரியும் எழுத்து, யாருடையது இது, மருந்துச் சீட்டு எழுதி எழுதி வாலை வெட்டிய எழுத்து, எங்கேயோ பார்த்திருக்கிறேனே, மூன்றாம் யூனிட்காரருடையதா, அவர் இப்படிக் கோடு கிழிக்க மாட்டார், கடைசி எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு. சின்னதாக ஒரு கோடு. என் மடியில் இருக்கும் படிவத்தைப் பார்க்கிறேன், நேர்மையின்மை என்று எழுதி, முடித்து, கீழே ஒரு சின்னக் கோடு. மை இன்னும் காயவில்லை.

என்ன நடந்தது என்று புரிய எவ்வளவு நேரம் ஆனது தெரியவில்லை. ஆவுடையம்மா நாடாவை இழுக்கும் சத்தம், ஃபேனின் டக் டக், வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடுகிறது. முதலில் வந்த எண்ணம் வெட்கம்கூட இல்லை, இது என்னிடம் வந்திருக்கக் கூடாது என்பதுதான். அவரவர் யூனிட் நோட்டு அவரவரிடம் வரக் கூடாது என்று விதி, யாரோ மாற்றிக் கட்டிவிட்டார்கள், ஆக இது வெறும் ஆபீஸ் தவறு. எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறது இந்தப் புத்தி! அப்புறம், நான் பார்த்திருப்பேன் என்றது. பார்க்காமல் எழுதுவேனா, இருபத்தாறு வருஷம், பார்க்காமல் எழுதுகிறவளா நான். உடனே ஒரு படம் வந்தது. முப்பத்தொன்றாம் கட்டில், ஜன்னல் பக்கம், வெயில், நான் குனிகிறேன், ஆஸ்பத்திரியின் பச்சைப் போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்குகிறேன், விரல் பெருவிரலுக்கு மேலே நாடியைத் தேடுகிறது, அடுத்த பாதத்துக்குப் போகிறது. தெளிவான படம். சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லலாம், அவ்வளவு தெளிவு. அடுத்த பாதத்துக்குப் போகிறது. அந்தப் படத்தில் அவருக்கு இரண்டு பாதங்கள் இருக்கின்றன. கறுத்த, வெடிப்பு விழுந்த இரண்டு குதிகால்கள், பத்து விரல்கள். நானே இப்போது, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு ஒரு காலைச் செய்து போட்டிருக்கிறேன். இனி என் ஞாபகத்தில் எதை நம்புவது? இதே இரண்டு விரலால் எத்தனை போர்வையைத் தூக்கினேன், எத்தனையைத் தூக்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

பதினெட்டாம் தேதி என்ன. பிப்ரவரி பதினெட்டு. பிடித்து இழுத்தால் வருகிறது, ஆய்வுக் குழு வந்த நாள், பத்து மணிக்கு டீன் அறையில் எல்லோரும் இருக்க வேண்டும், நான் ஒன்பது பத்துக்கு வார்டுக்குள் நுழைந்தேன், நாற்பத்திரண்டு நோயாளிகள். ஐம்பது நிமிஷம். தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள், வழுக்கும் என்று பார்த்துப் பார்த்து நடந்தேன், அது ஞாபகம் இருக்கிறது, என் செருப்பு ஞாபகம் இருக்கிறது. யாரோ ஒருவர் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், தோல் ஒரே சுருளாக வந்தது, அதைப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோலைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் இல்லை. முப்பத்தொன்றில் ஒரு முகத்தை வைத்துப் பார்க்கிறேன், எந்த முகத்தை வைத்தாலும் பொருந்துகிறது, அதனால் எதுவும் இல்லை. பிள்ளை வாசித்திருக்கும், நிமோனியா, காய்ச்சல் இறங்குகிறது மேடம், பாதங்கள் இயல்பு மேடம், நான் நடந்துகொண்டே காதில் வாங்கி, கடைசியில் எல்லா நோட்டையும் மேஜையில் அடுக்கச் சொல்லி, நின்றபடியே எழுதியிருப்பேன். தலை முதல் பாதம் வரை. நாற்பத்திரண்டிலும் எழுதியிருப்பேன். ஆய்வுக் குழு நோட்டைக் கேட்டால் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா.

சரி, நடந்தது நடந்துவிட்டது, அந்த மனிதர் குணமாகிப் போய்விட்டார், இருந்த ஒரு பாதம் நன்றாகத்தானே இருந்திருக்கும் என்று நினைத்தபடி நர்ஸ் பக்கத்தை மறுபடி எடுத்தேன். இம்முறை ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. பத்தொன்பதாம் தேதி, மாலை ஐந்து மணி, வலது குதிகாலில் சிறு புண், நீர் கசிகிறது, டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. கீழே ஒரு நர்ஸின் கையெழுத்து. அதே தேதி, குண்டு எழுத்து, மாலை ஆறு, பாதங்கள் இயல்பு. இருபத்தொன்று, நலமுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நலமுடன். கால் இருந்தது ஒன்று, அதில் புண் இருந்தது ஒன்று, சொன்னவர் ஒருவர். நான் வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஆவுடையம்மா நாடாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். "என்ன மேடம், முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? சோடா வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்றவள், என் கைக்குக் கீழே இருந்த நோட்டின் நம்பரைப் பார்த்துவிட்டு, "அட, இது இங்கயா இருக்கு! இதத்தான ரெண்டு நாளா மேலருந்து கேட்டுக் கேட்டு ஆள் அனுப்புதாங்க. நான் கட்டு கட்டா அவுத்துத் தேடிட்டேன்." "மேலேன்னா?" "சர்ஜரி வார்டுதான் மேடம். அந்த ஆளு திரும்ப வந்து கெடக்காருல்லா. நாளைக்குக் காலைல கால் எடுக்காங்களாம், பழைய நோட்டு வேணும்னாங்க."

கால் எடுக்கிறார்கள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன், பல் எடுக்கிற மாதிரி. எந்தக் கால் என்று கேட்க வாய் திறந்து மூடிக்கொண்டேன். எந்தக் கால் என்று கேட்க அவரிடம் வேறு என்ன இருக்கிறது. ஆவுடையம்மா என் முகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள், பச்சை எழுத்தைப் பார்த்தாள், முப்பது வருஷமாக எங்கள் எல்லோருடைய கையெழுத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவள். குரலை இறக்கிக்கொண்டாள். "மேடம், இது உங்க யூனிட் நோட்டால்லா இருக்கு. தப்பா வந்துட்டு. நீங்க இத இங்க வச்சுட்டு வேற ஒண்ணு எடுத்துக்கிடுங்க, பதினேழாம் நம்பருக்கு நோட்டுக்கா பஞ்சம். யாரும் கேக்க மாட்டாங்க." அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை, விதியும் அதுதான். என் யூனிட் நோட்டை நான் பார்க்கக் கூடாது. விதிப்படி நடந்தால் நான் தப்பிக்கிறேன், இந்த நோட்டு மேலே போகும், அங்கே யாருக்கும் பழைய பக்கங்களைப் படிக்க நேரம் இருக்காது, சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று மட்டும் பார்ப்பார்கள். கை தானாக நோட்டை மூடியது. மூடிய நோட்டின் மேல் என் கை இருக்கிறது, ஐம்பத்தொரு வயதுக் கை, மோதிரம் இறுகிப் போன கை, அதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எடுத்து அவளிடம் நீட்டுகிறதா என்று. "கொஞ்சம் இருங்க ஆவுடையம்மா" என்றேன். என் குரல் இல்லை அது.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் பிப்ரவரியில் என் யூனிட்டில் இருந்த முதலாண்டுப் பையன் ஒருவன்தான், கிருபாகரன், மார்ச் ஒன்றாம் தேதி வேறு யூனிட்டுக்குப் போனான். போனில் அழைத்தேன், இரண்டாவது மணியில் எடுத்தான். "சொல்லுங்க மேடம்." "பிப்ரவரியில நம்மகிட்ட முப்பத்தொண்ணாம் பெட்ல சங்கரபாண்டின்னு ஒருத்தர் இருந்தார். நிமோனியா. ஞாபகம் இருக்கா?" "இருக்கு மேடம். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். நல்லாகிப் போனாரே மேடம்." குரலில் ஒரு சந்தோஷம், பாடம் கேட்டு விடை தெரிந்த சந்தோஷம். "அவருக்கு எத்தனை கால்?" "மேடம்?" "எத்தனை கால்னு கேக்கேன்." போனுக்குள் குழந்தை அழுகிறது, யாரோ டோக்கன் டோக்கன் என்கிறார்கள், அவன் அவசரப் பிரிவில் நிற்கிறான். "ரெண்டு… ரெண்டுதானே மேடம்?" அவனும் இப்போது போர்வைக்குக் கீழே இரண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. "பத்தொன்பதாம் தேதி நர்ஸ் உன்கிட்ட புண்ணுன்னு சொன்னாங்களா?" "சொன்னாங்க மேடம். பாக்கப் போகத்தான் எந்திரிச்சேன். போறதுக்கு முன்னாடி நோட்டை எடுத்தேன். முந்தின நாள் நீங்க பாத்துட்டு நார்மல்னு எழுதியிருந்தீங்க. மேடமே பாத்தாச்சு, போர்வை உரசினதா இருக்கும்னு… அப்புறம் ஒரு மாரடைப்பு கேஸ் வந்துட்டு." நான் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் தெரியாது. "கிருபாகரா, நான் எதைப் பாத்து எழுதினேன் தெரியுமா? நீ எழுதினதைப் பாத்து." "மேடம், அவருக்கு என்ன ஆச்சு?" "மேல சர்ஜரி வார்டுல இருக்கார். டியூட்டி முடிஞ்சதும் வந்து பாரு. வந்து பாக்கணும், என்ன?" "சரி மேடம்" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

அவன் என்னை நம்பினான், நான் அவனை நம்பினேன், நடுவில் ஒரு மனிதர் போர்வை போர்த்திப் படுத்திருந்தார். அவ்வளவுதான் கதை, இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். உட்கார்ந்து படிவத்தை இழுத்தேன். நேர்மையின்மை என்று நான் எழுதியது அங்கே இருக்கிறது, அதை அடிக்கலாமா என்று பேனா ஒரு நொடி யோசித்தது, அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினேன், பிப்ரவரி பதினெட்டாம் தேதி இந்த நோயாளியின் பாதங்களைப் பரிசோதித்ததாகக் குறித்த சீஃப் நானே, நான் பரிசோதிக்கவில்லை, என் குறிப்பை நம்பியே இந்தப் பயிற்சி மருத்துவர் புண்ணைப் பார்க்காமல் விட்டார், அவரை மதிப்பிடும் தகுதி எனக்கு இல்லை, என்னிடம் விளக்கம் கேட்கவும். இதன் பிறகு என்ன வரும் என்று தெரியும். மெமோ வரும், விசாரணை வரும், ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கும். பெயரை முழுதாக எழுதித் தேதி போட்டேன். "இதை டீன் ஆபீஸ்ல கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நோட்டை நானே மேல கொண்டு போறேன்." ஆவுடையம்மா படிவத்தை வாங்கி, நின்றபடியே படித்தாள், உதடு அசைந்தது. "நெசமாவா மேடம்" என்றாள். எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை, எழுதியதையா, கொடுப்பதையா. ஆமாம் என்றேன்.

மூன்று மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏறுகிறேன். ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடங்கி நிமிர்கிறது, இதை இத்தனை வருஷமாகக் கவனித்ததே இல்லை, மடங்கி நிமிர்கிறது, எடை ஒரு காலிலிருந்து மற்றதுக்குப் போகிறது, போய்ச் சேர அங்கே ஒரு கால் இருக்கிறது. பயமாக இருந்தது. எனக்கு வரப்போவதை நினைத்து இல்லை, வார்டுக்குள் போய் அந்த முகத்தைப் பார்க்கும்போது அது எனக்குத் தெரியாத முகமாக இருக்கப் போகிறதே என்று. அப்படித்தான் இருந்தது. கடைசிக்கு முந்தின கட்டில், கட்டையான நரைமீசை, முன்வழுக்கை, சட்டைப் பையில் இப்போதும் ஒரு பேனா, மணிக்கட்டில் பெரிய டயல் வாட்ச். இந்த முகத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்ததும் சிரித்து எழுந்து உட்காரப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி அதற்குள் கும்பிட்டுவிட்டாள். "ஏங்க, நம்ம டாக்டரம்மா! காச்சல்ல கெடந்தப்போ பொழைக்க வச்சாவல்லா, அந்த அம்மா." அவள் பெயர் மாடத்தியம்மாள் என்று கட்டில் அட்டையில் துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் இருந்தது. "அன்னைக்கு நீங்க இல்லைன்னா அவ்வளவுதான் டாக்டரம்மா. எங்க தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்." நன்றி சொல்கிறாள். திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். அவள் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு, "உக்காருங்க, இந்தா தண்ணி புடிச்சிட்டு வந்திருதேன், நிப்பாட்டிருவான்" என்று வார்டின் மறுகோடிக்குப் போனாள்.

"அண்ணாச்சி," என்றேன், என்னைவிட ஏழு வயது மூத்தவர், வேறு எப்படிக் கூப்பிடுவது, "அன்னைக்கு ரவுண்ட்ஸ் வந்தப்போ நான் உங்க காலைப் பாக்கலை. பாத்தேன்னு நோட்டுல எழுதிட்டேன். பாத்திருந்தா புண்ணு அப்பவே தெரிஞ்சிருக்கும். இந்த அளவுக்கு வந்திருக்காது. தப்பு என் மேல." ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் நிறுத்தினால் வேறு ஏதாவது சேர்த்துவிடுவேன் என்று. அவர் வாட்ச்சைத் திருகிக்கொண்டிருந்தார். "தெரியுமே" என்றார். "காலைல ஒம்பது நாப்பதுக்கு வந்தீங்க. ஒரு நிமிஷம் நிக்கல. நமக்கு அதுதான தொழிலு, எந்த வண்டி எத்தன நிமிஷம் நிக்குன்னு பாக்கது." குரலில் குத்தல் இல்லை, அதனாலேயே கேட்க முடியவில்லை. "குதிகால்ல ஏதோ நசநசன்னு இருக்கு, சொல்லணும்னு ராத்திரியே நெனச்சு வச்சிருந்தேன். நீங்க வந்து சிரிச்சீங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. பெரிய டாக்டரு, அவ்வளவு பேரு சூழ நிக்காங்க, இதப் போய் என்னத்த சொல்லன்னுட்டு, நல்லாருக்கேம்மான்னுட்டேன்." வாட்ச்சைத் திருகுவதை நிறுத்திவிட்டு, "நானும் சொல்லிருக்கணும்" என்றார். அதை ஒத்துக்கொள்ளக் கூடாது, இல்லை என்று சொல்ல வேண்டும், அவர் தன் பங்குக்கு ஒரு தவறை எடுத்துக்கொள்வதை நான் விடக் கூடாது. "இல்ல அண்ணாச்சி. கேக்க வேண்டியது நான். நீங்க சொல்லலைன்னாலும் பாக்க வேண்டியது நான்." அவர் என்னைப் பார்த்தார், மன்னித்தாரா என்று அதில் தேடினேன், அப்படி ஒன்றும் இல்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "எதுவரைக்கும் எடுப்பாங்கன்னு இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க. காலைல கேட்டா ஆபரேஷன் தியேட்டர்ல பாத்துதான்னுட்டுப் போறாங்க. நீங்க சொல்லுங்க. தொட்டுக் காட்டுங்க." போர்வையை விலக்கினேன். வலது கால், குதிகாலிலிருந்து பாதி பாதம்வரை கட்டு, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் மூன்று கறுத்துப் போயிருந்தன, மேலே கெண்டைக்கால் இன்னும் உயிரோடு, சூடாக, ஒரு பழைய தழும்போடு. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், அதற்கப்புறம் துவைத்த பெட்ஷீட். இதைப் பார்க்க அரை நொடிகூட ஆகாது, வாசலில் நிற்கிற யாருக்கும் தெரியும். கட்டைத் தொட்டேன், கணுக்காலுக்கு மேலே தோலின் சூடு எங்கே குறைகிறது என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்தேன், அவசரப்படாமல், இன்று எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை, வந்து, முழங்காலுக்கு நான்கு விரல் கீழே என் உள்ளங்கையின் ஓரத்தைக் குறுக்காக வைத்தேன். "இங்க. அநேகமா இங்க." அவர் குனிந்து பார்த்தார், என் கையைப் பார்த்தார், அதற்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். "முட்டி இருக்கும்லா?" "இருக்கும். அதுக்குத்தான் பாப்பாங்க. நாளைக்கு நானும் உள்ள நிப்பேன்." "மடக்கலாம்" என்றார். "மடக்கலாம்" என்றேன். நான் கையை எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க டாக்டரம்மா, அப்படியே வைங்க. அவ முழுக் காலும் போயிரும்னு நெனச்சு ரெண்டு நாளாச் சோறு திங்கல. வந்து பாத்துக்கிடட்டும்." வார்டு நீளமானது, இரண்டு பக்கமும் கட்டில்கள், மறுகோடியில் குழாய் சொட்டும் சத்தம் நின்றது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடத்தியம்மாள் கட்டில் கட்டிலாகத் தாண்டி வந்துகொண்டிருக்கிறாள், தண்ணீர் சிந்திவிடக் கூடாது என்று மெதுவாக வருகிறாள், நான் கையை எடுக்கவில்லை.